தரையை ரசிக்கும் நடை

இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக நிற்கும் முகப்புகள் அப்படிப் பார்க்க வைக்கின்றன. அவற்றில் பல விக்டோரியா காலத்தில் பழைய பாணியில் எழுப்பியவை. அதனால் அழகு குறைந்துவிடவில்லை. ஆனாலும் இந்த ஊரின் நயம் தரையில்தான் இருக்கிறது என்பேன். படியேற முடிந்தவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலிக்காரரையும் சேர்த்துக்கொண்டு வழிகாட்டியோடு போகும் நடையில்தான் அது பிடிபடும்.

ஊரின் நடுவே, ரோமானியப் படைக் கோட்டையின் தலைமையகம் இருந்த இடத்தருகே, பெரிய தெருக்கள் கூடுகின்றன. அவற்றின் ஓரமாக ‘ரோ’ என்று அழைக்கப்படும் மாடி நடைகூடங்கள் ஓடுகின்றன. தெருமட்டத்தில் ஒரு வரிசைக் கடைகள். அவற்றின் தலைக்கு மேல், கட்டடங்களின் உடலைக் குடைந்தாற்போல ஒரு பொதுப் பாதை. அதன் உள்பக்கம் இன்னொரு வரிசைக் கடைகள். மேல்மாடியே பாதைக்குக் கூரை என்பதால் மழையிலும் நனையாமல் போகலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கும் இடம்.

பாதைக்கும் தெருப்பக்கக் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மரப்பலகை மேடை. நம் திண்ணை மாதிரிதான், ஆனால் சாய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் சரக்கைப் பரப்பி வைத்த இடம் அது. ஏன் சாய்வு? கீழ்க்கடைக்குள் நுழைகிறவரின் தலை இடிக்காமலிருக்க. கீழே இருப்பவனின் தலைக்கு இடம் விட்டு, மேலே இருப்பவன் தன் கடையைச் சரித்துக்கொண்டிருக்கிறான்! நின்றுகொண்டிருப்பவர் இதைத் தாண்டித் தெருவைப் பார்த்துவிடுவார். உட்கார்ந்திருப்பவரின் பார்வைக்குத்தான் பலகையின் சாய்வும், தேய்ந்த விளிம்பும், கைப்பிடித் தூண்களின் கடைசலும் நேராக வந்து நிற்கின்றன.

இவ்வளவு பழைய மாடிக்கு நாற்காலி எப்படி ஏறுகிறது? ஓரிடத்தில் சரிவுப் பாதை, ஓரிடத்தில் தெருவே ரோவின் மட்டத்துக்கு உயர்ந்து வந்துவிடுகிறது, இன்னோரிடத்தில் லிஃப்ட். பழைய முகப்பைச் சிதைக்காமல், ஊர் தானாக எங்கெங்கே சாய்கிறது என்று பார்த்து வழி கண்டிருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அணுகத்தக்க நகரம்’ விருதை செஸ்டர் பெற்றபோது, இந்த ரோக்களும் ஊரைச் சுற்றிய பழைய மதில் மேல் ஏறும் சரிவுகளும் எடுத்துப் பேசப்பட்டன.

இங்கே வழிகாட்டியின் கலையே எங்கே நிறுத்துவது என்பதுதான். கல் பாவிய ஏற்றத்தின் நடுவில் கதையை ஆரம்பித்தால், நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு ஒரு சொல்லும் காதில் ஏறாது. சமதரை வந்து, எல்லோரும் மூச்சு வாங்கி, பின்னால் வருகிறவரும் சேர்ந்த பிறகு வாயைத் திறப்பவரே நல்ல வழிகாட்டி. பார்வையில்லாதவர் கூட்டத்தில் இருந்தால் மதிலின் செம்மணற்கல்லை அவர் கையால் தொட்டுப் பார்க்கவும் நேரம் விடுவார்.

மதிலின் கிழக்கு வாசல் வளைவின் மேல் நிற்கும் இரும்பு வேலைப்பாட்டுக் கடிகாரம் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக எழுந்தது, 1899-இல் திறந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்ப்பதைவிடத் தெருவிலிருந்து பார்ப்பதே மேல். வளைவும் கடிகாரமும் அங்கிருந்துதான் ஒன்றாகச் சேர்கின்றன. ரோமானிய வட்டரங்கமும் அப்படியே. தெருவைவிடப் பள்ளத்தில் கிடப்பதால் மேலிருந்தே அதன் வளைவு நன்றாகத் தெரியும். பாதிதான் தோண்டப்பட்டிருக்கிறது; மீதி இன்னும் மண்ணுக்குள்.

மதில் விஷயம் வேறு. சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்று, சில துண்டுகள் மட்டுமே நாற்காலிக்கு வசப்படும். தென்கிழக்கு மூலையில் ‘வேண்டுதல் படிகள்’ என்று ஒரு படிக்கட்டு. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி ஏறினால் நினைத்தது நடக்குமாம். அந்தக் கதையைக் கீழே நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே விருது வாங்கிய ஊர்தானே என்று எல்லா இடமும் எட்டும் என எண்ணிப் புறப்படாதீர்கள். நடைக்குப் பதிவு செய்யும்போதே நாற்காலியின் அகலத்தையும், நீங்களே உருட்டுவீர்களா, யாராவது தள்ளுவார்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதையை அதற்குத் தக மாற்றிக்கொள்ள வழிகாட்டிக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.