மஞ்சள் பிளேட் கார்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

ஜப்பானின் ஷிமானே மாநிலத்து மலைக்கிராமங்களில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். கோனோகாவா ஆற்றை ஒட்டி 108 கிலோமீட்டர் ஓடிய சான்கோ ரயில் 2018 மார்ச் 31-உடன் நின்றுபோனது. தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில், 116 படி ஏறிப் போகவேண்டிய உஸுய் ரயில் நிலையம் இன்று வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கான இடம். பதிலுக்கு விட்ட பஸ், ஒரு நாளைக்குச் சில தடவைதான் எட்டிப்பார்க்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்துவிட்டது: பழைய காரை இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா? ‘ஷாகென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனைக்கு நாள் நெருங்குவதால், முடிவெடுக்கும் கண்ணோடு அதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

இது ‘கெய்’ வகைக் கார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி: இதற்கு மேல் போனால் கெய் என்ற சலுகை கிடையாது. நான்கு பேருக்கு மேல் ஏற்றவும் கூடாது. நம்பர் பிளேட் மஞ்சள். நம்மூரில் அது வாடகை வண்டியின் அடையாளம், இங்கே சொந்தக் காரிலும் அதே நிறம். நம் மாருதி 800 இந்த வம்சத்தில் வந்ததுதான். சுசுகியின் கெய் காரை அடிப்படையாக வைத்து, 796 சிசி எஞ்சின் பொருத்தி 1983-இல் இந்தியச் சாலைக்கு வந்தது அது.

கிராமத்தில் இந்தக் காரின் முதல் பலம் அகலம்தான். வயல்களுக்கு நடுவே போகும் பாதையில் இரு பக்கமும் மூடியில்லாத சாக்கடை. எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க ஒரு முழம் இடம் கிடைப்பதே பெரிது. பெரிய கார்க்காரர்கள் பின்னாலேயே போய் வழிவிடும் இடத்தில் நான் ஓரமாக நின்றுகொள்கிறேன். கூரை உயரம் என்பதால் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் கேன், சக்கர நாற்காலி எல்லாம் பின்கதவு வழியாக அடங்கிவிடுகின்றன.

மலையேற்றத்தில் நிலைமை வேறு. நான்கு பேர் ஏறினால் டர்போ இல்லாத இந்தச் சின்ன எஞ்சின் முழுக்குரலில் கத்துகிறது. வேகம் மட்டும் கூடுவதில்லை. ஹமதா விரைவுச்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது உயரமான உடம்பு ஆடுகிறது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. கெய் கார்களுக்கு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டராக இருந்த உச்ச வேகத்தை 2000-இல் 100 ஆக்கினார்கள். நான் 80-லேயே போகிறேன். ஹிரோஷிமா போக ஆள் ஒருவர் என்றால் பஸ்தான் சரி.

பனிக்காலத்தில் நான்கு சக்கர இழுவையும் பனி டயரும் சேர்ந்து நன்றாகவே ஏற்றிவிடுகின்றன. பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியல்தான் தொல்லை. அடிவயிறு தட்டி நின்றுவிடும். மண்வெட்டி இல்லாமல் டிசம்பர் முதல் மார்ச் வரை நான் வெளியே கிளம்புவதில்லை.

செலவுக்கு வருவோம். கெய் வரி வருடத்துக்கு 10,800 யென். 1,000 சிசிக்கு மேல் 1,500 வரையுள்ள புதிய கார் என்றால் 30,500. ஷாகென் புதுக் காருக்கு மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதில் எடைவரி 6,600 யென்னும், இரண்டு வருடக் கட்டாய இன்சூரன்ஸ் சுமார் 17,500 யென்னும் தப்பாது. அதற்கு மேல் மெக்கானிக் என்ன கண்டுபிடிக்கிறார் என்பதைப் பொறுத்து பில் ஏறும். கார் 13 வயதைத் தாண்டினால் வருட வரி 12,900, எடைவரி 8,200. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவை உண்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், விற்றுவிடு என்றுதான் கணக்கு சொல்லும்.

அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 75 வயதானவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை உண்டு. அதற்கு முன்பே அவராக எடுத்த முடிவு. அவருடைய கண் மருத்துவமும் மருந்தும் காய்கறியும் இப்போது எங்கள் காரில்தான் போய் வருகின்றன, காசு வாங்குவதில்லை. இந்தத் தெருவில் கார் ஓட்டும் கை குறையக் குறைய, ஓடுகிற ஒவ்வொரு காரின் மதிப்பும் கூடுகிறது. அதனால் வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இதே கார் எப்போதைக்கும் அல்ல. 1994-இல் நாடெங்கும் சுமார் 60,000 பெட்ரோல் பங்க் இருந்தன. இன்று 28,000-க்கும் குறைவு. மூடுவதில் முதலிடம் இம்மாதிரி ஊர்களுக்குத்தான். வீட்டிலேயே 200 வோல்ட் பிளக் போட்டுக்கொள்ள முடிகிறவர்களுக்கு, 2022-இல் வந்த நிஸ்ஸான் சகுரா போன்ற மின்சாரக் கெய் பொருத்தமானது. 20 கிலோவாட்-மணி பேட்டரி, கம்பெனிக் கணக்கில் 180 கிலோமீட்டர். ஹீட்டர் போட்டால் அதில் ஒரு பங்கு கழியும். ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போய்வர அது தாராளம். மின்மோட்டாரின் இழுவை 195 நியூட்டன் மீட்டர் என்பதால் மலையேற்றக் கத்தலும் இல்லை.

இந்த முறை ஷாகென் எடுக்கிறோம். அடுத்த முறை கொடுத்துவிடுவது என்றால் மார்ச் 31-க்குள் பெயர் மாற்றவோ பதிவை நீக்கவோ வேண்டும். ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முழு வருட வரியும் கட்டவேண்டும். கெய் காருக்கு நடுவில் விட்டால் மாதக் கணக்கில் திரும்பித் தரமாட்டார்கள்.