நாய்க்கு ஒன்று, கோழிக்கு ஒன்று: வெள்ளணுக்களை ரசிப்பது எப்படி?

நாய்க்குக் காய்ச்சல் என்று ரத்தம் எடுத்தால், மறுநாள் கையில் வருவது எண்கள் மட்டும்தான். நியூட்ரோஃபில் இத்தனை, லிம்போசைட் இத்தனை. அந்த எண்களுக்கு உரிய வெள்ளணுக்கள் ஆய்வக ஸ்லைடிலேயே தங்கிவிடுகின்றன. பார்க்கத் தெரிந்தவர்களுக்கோ அந்தக் கண்ணாடித் துண்டு அலுப்பதே இல்லை.

வெள்ளணுவுக்கென்று நிறம் கிடையாது. அதற்கு நிறமேற்றி இனம் பிரித்தவர் ஜெர்மனியின் பால் எர்லிஹ். 1870களின் இறுதியில், அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயங்களை ரத்தப் பூச்சின்மேல் இட்டு, எந்தத் துகள் எந்தச் சாயத்தைப் பிடிக்கிறது என்று கவனித்தார். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்தது ஈசினோஃபில். காரச் சாயத்தைப் பிடித்தது பேசோஃபில். நம் ஆய்வகங்களில் இன்றும் புழங்கும் லீஷ்மன் சாயம் 1901இல் வந்தது.

நுண்ணோக்கியில் ஸ்லைடை வைத்ததும் எண்ணெய் லென்ஸுக்குத் தாவ வேண்டாம். குறைந்த பெருக்கத்தில் பூச்சு முழுவதையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். தடித்த பகுதியில் அணுக்கள் சுருங்கிக் கிடக்கும். வால் முனையில் நசுங்கியிருக்கும். வாலுக்குச் சற்று முன்னால், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவியிருக்கும் இடமே சரியான இடம்.

அங்கே முதலில் உட்கருவைப் பாருங்கள். அடர்த்தியான உருண்டை உட்கரு, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு என்றால் அது லிம்போசைட். மாட்டு ரத்தத்தில் பெரும்பாலும் இதுவே அதிகம். நாயிலும் பூனையிலும் நியூட்ரோஃபிலின் கை ஓங்கியிருக்கும்.

நியூட்ரோஃபிலின் உட்கருவில் அதன் வயது எழுதியிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் மயலோபிளாஸ்ட்டாகத் தொடங்கும்போது உட்கரு உருண்டை. வளர வளர ஒரு பக்கம் குழிகிறது, வளைந்த பட்டையாகிறது, கடைசியில் இடையிடையே இறுகிப் பல மடல்களாகிறது. நலமாக உள்ள நாயின் ரத்தத்தில் மடல் பிரிந்தவையே மிகுதி. பட்டை வடிவ இளசுகள் கூட்டமாகத் தென்பட்டால், எங்கோ கடும் அழற்சி, மஜ்ஜை முதிராதவற்றையும் அனுப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். கால்நடை மருத்துவர்கள் இதை ‘லெஃப்ட் ஷிஃப்ட்’ என்பார்கள். பெண் விலங்கு என்றால் இன்னொன்றையும் தேடலாம்: சில நியூட்ரோஃபில்களின் மடலில், மெல்லிய காம்போடு ஒரு குட்டிக் குமிழ் ஒட்டியிருக்கும். செயலற்றுச் சுருண்ட எக்ஸ் குரோமோசோம் அது.

வேற்றுமையை ரசிக்க ஈசினோஃபிலை விட்டால் வேறு அணு இல்லை. குதிரையில் அதன் துகள்கள் பெரிதாக, உருண்டையாக, உட்கருவையே மறைக்கும் அளவுக்கு மாதுளை முத்துகளாக நெருங்கியிருக்கும். பூனையிலோ சிறுசிறு குச்சிகள். நாயில் ஒரே அணுவுக்குள்ளேயே துகள்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். கிரேஹவுண்ட் நாய்களில் பலவற்றுக்குத் துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் குழிகள்தான் தெரியும். பழகாத கண் அதை நோய் என்று நினைத்துவிடும். அந்த இனத்துக்கு அது இயல்பு.

கோழி ரத்தத்துக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. நியூட்ரோஃபிலின் இடத்தில் ஹெட்டிரோஃபில், அதற்குள் செங்கல் நிறக் குச்சித் துகள்கள். கோழியின் சிவப்பணுவுக்கும் உட்கரு உண்டு என்பதால், பாலூட்டி ரத்தத்துக்கென்று செய்த எண்ணும் இயந்திரங்கள் இங்கே தடுமாறும். மனிதக் கண்தான் எண்ணியாக வேண்டும்.

வெள்ளணு வளரும் இடமும் விலங்குக்கு விலங்கு வேறு. ஜீப்ரா மீனுக்கு ரத்த அணு உற்பத்தி சிறுநீரகத்தில் நடக்கிறது. ஆன்டிபாடியை உருவாக்கும் பி லிம்போசைட்டுகள் கோழியில் முதிர்வது, கழிவாய்க்கு அருகே உள்ள ஃபாப்ரிசியஸ் பையில். இளம் பருவத்தில் அந்தப் பையை அகற்றிய கோழிகளுக்கு ஆன்டிபாடி சரிவர உருவாவதில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் கிளிக் குழுவினர் 1956இல் வெளியிட்டார்கள். நமக்கும் நாய்க்கும் அந்தப் பை கிடையாது; பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன.

அடுத்த முறை வீட்டு நாய்க்கோ மாட்டுக்கோ ரத்தப் பரிசோதனை நடந்தால், ஸ்லைடை ஒருமுறை பார்க்கலாமா என்று ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். கோழி ஸ்லைடும் கிடைத்தால் நாயை முதலில் பார்த்துவிட்டுக் கோழிக்கு வாருங்கள். அந்த வரிசையில்தான் வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.