நூறு பாட்டு போதும்

காரியாபட்டியிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீக்கும் டோல்கேட்டுக்கும் நிற்பதையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் நூற்றுச் சொச்சம் பாட்டு போதும். என் 32 ஜிபி பென்டிரைவில் மூவாயிரம் இருந்தன. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான் பிடிக்கும். இன்னும் மூவாயிரம் போட்டாலும் இடமிருந்திருக்கும்.

போகும்போது எல்லாவற்றையும் ஷஃபிளில் விட்டேன். மேலூர் தாண்டுவதற்குள் இளையராஜா நான்கு முறை வரிசையாக வந்தார். குறையொன்றுமில்லை, அவரே நான்கு விதம். ஆனால் பின்சீட்டில் அம்மாவும் மாமாவும் பத்தாவது படிக்கும் மகனும் இருந்தார்கள். கலந்து போடுவது என்பது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதானே? அப்படி எடுத்தால் ஒரே ஆள் அடுத்தடுத்து வரத்தான் செய்வார். இந்தப் புகார் தாங்காமல்தான் ஆப்பிள் 2005-லும் ஸ்பாட்டிஃபை 2014-லும் ஒரே பாடகரைத் தள்ளித் தள்ளி வைக்கும்படி ஷஃபிளை மாற்றின. என் கார் ஸ்டீரியோவுக்கு அதெல்லாம் எட்டவில்லை. வண்டியை அணைத்து எடுத்தால் அது கலைப்பதும் பழைய வரிசையிலேயே. கொட்டாம்பட்டியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் காலையில் கேட்ட அதே பாட்டு.

அதைவிடப் பெரிய தொல்லை சத்தம். ஐம்பதுகளின் பாட்டு மெல்லக் கேட்கிறதே என்று வால்யூமைக் கூட்டினேன். அடுத்து வந்த புதுக் குத்துப்பாட்டு சிவகாசிச் சரவெடி போல வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த அம்மா முருகனைக் கூப்பிட்டுவிட்டார்.

போனைச் செருகிப் பார்த்தோம். மகன் கேட்டானே என்று ஒரு பாட்டை இரண்டு முறை போட்டது தப்பாகிவிட்டது. பெரம்பலூர் வரை செயலி அதே சாயலில்தான் ஊட்டியது. இடையிடையே சிக்னல் வேறு போனது.

திரும்புவதற்கு முந்தைய இரவு, லேப்டாப்பில் உட்கார்ந்து நூற்றுப் பத்துப் பாட்டைக் கையால் பொறுக்கினேன். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். தரம் கெடாது, சரவெடி ஊசிவெடியாகிவிடும். பிறகு பேருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டேன். அதுமட்டும் போதாது. பல ஸ்டீரியோக்கள் பேரைப் பார்ப்பதில்லை, எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். ஆகவே காலி பென்டிரைவில் வரிசை தப்பாமல் ஏற்ற வேண்டும். 64 ஜிபி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும்: அவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும், பழைய ஸ்டீரியோ ஃபேட்32 தவிர வேறெதையும் தொடாது.

விடிகாலை நாலு மணிக்குத் தாம்பரத்தில் சீர்காழி கோவிந்தராஜன். விழுப்புரத்து இட்லிக்குப் பிறகு டி.எம்.எஸ்., சுசீலா. மூன்று பாட்டுக்கு ஒருமுறை குரல் மாறணும், ஐந்துக்கு ஒருமுறை காலம் மாறணும் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு. மகனுக்காக அனிருத்தைச் சேர்த்தேன், அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றாக அல்ல. அப்படிச் செய்தால் பங்கு பிரித்த மாதிரி ஆகிவிடும், இரண்டு தரப்புக்குமே பிடிக்காது. திருச்சியில் சாப்பாடு. அதற்குப் பிறகு மெலடி ஆகவே ஆகாது, ஓட்டுகிறவன் கண் செருகும். விராலிமலையிலிருந்து துவரங்குறிச்சி வரைக்கும் கொல்லங்குடி கருப்பாயியின் நாட்டுப்புறப் பாட்டு. மகன் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

மேலூர் அருகே ‘கொஞ்சும் சலங்கை’. 1962-ல் வந்த படம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டு. கோவில்பட்டியில் அருணாசலத்துக்குச் சிலையே இருக்கிறது. மாமா பேச்சை நிறுத்திவிட்டார்.

காரியாபட்டி வந்தபோது ஒன்பது பாட்டு மிச்சம்.

“மாப்ள, இதை எங்கிட்ட குடுத்துருங்க” என்று மாமா பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் வண்டியில் இன்னும் கேசட் பிளேயர்தான்.