நனவிலி மனமும் மனிதன் பொறுப்பும்

'என்னை அறியாமற் செய்துவிட்டேன்' என்று ஒரு நாளேனும் கூறாதார் இலர். அறியாமற் செய்தவன் யார்? அவனே அன்றோ? எளிய இவ்வினாவே உளப்பகுப்பியலுக்கும் மெய்யியலுக்கும் இடையே நிகழும் வழக்கின் மூலமாகும்.

மனம் ஏற்க அஞ்சும் விழைவுகள் நனவிலியில் அமுக்கப்படுகின்றன. தணிக்கையாளன் ஒருவன் வாயிலிற் காவல் புரிகின்றான். அவ்விழைவுகளோ மாறுவேடம் பூண்டு கனவாகவும் வாய்தவறிய சொல்லாகவும் நோய்க்குறியாகவும் வெளிப்படுகின்றன என்பது வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் (1856-1939) கொள்கை.

பிரெஞ்சு மெய்யியலார் சார்த்தர், 1943இல் வெளியிட்ட 'இருப்பும் இன்மையும்' என்னும் நூலில் இதனை மறுத்தார். எதைத் தடுக்க வேண்டும் என்று அறிந்தாலன்றித் தணிக்கையாளன் தடுத்தல் இயலாது. அறிந்தும் அறியாதான்போல் இருப்பானெனின், அது தன்னைத்தானே ஏய்த்தலேயாம். ஆகவே பிராய்டு பொய்யை வேறோர் அறைக்கு மாற்றினாரேயன்றி, அதன் இயல்பை விளக்கினாரல்லர் என்பது அவர் வாதம்.

வாதம் கூரியது, ஆயினும் அறிதல் என்றாலே, அறிவதை உணர்தலும் உடன்வரும் என்னும் கோளின்மேல் அது நிற்கின்றது. இக்கோள் ஐயத்திற்குரியது. 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' எனப் பிழையின்றிப் பேசும் குழந்தைக்குத் திணைபால் விதியைக் கூறத் தெரியாது. விதி தன்னிடம் உள்ளதென்பதும் தெரியாது. எனினும் விதிவழியே அது பேசுகின்றது. பிராய்டும் 1923இல் தம் கொள்கையைத் திருத்தி, தடுக்கும் பகுதியும் நனவிலியே என்றார். சிகிச்சைக்கு வந்தோர், தாம் உண்மையைத் தடுப்பதையே உணராதிருந்தமை அத்திருத்தத்திற்குக் காரணம்.

எனினும் சார்த்தரின் வினா முற்றும் அடங்கிவிடவில்லை. குழந்தை விதியை மறைப்பதில்லை. எடுத்துக்காட்டினால் எளிதில் ஏற்கும். அமுக்கியவனோ காட்டக் காட்ட மறுக்கின்றான். உணராது அறிதல் கூடும் என நிறுவிய பின்னரும், உணராது மறைத்தல் எவ்வாறு என்பது எஞ்சி நிற்கின்றது.

இவ்வழக்கிற் பலரும் காணாத செய்தி ஒன்றுண்டு. நனவிலியைக் காட்டிப் பிராய்டு மனிதனைப் பொறுப்பினின்று விடுவித்தார் என்பர் பலர். 1925இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் அவர் கூறியதோ வேறு: கனவில் எழும் தீய விழைவுக்கும் கண்டவனே பொறுப்பு, அவனுடையதன்றி அது வேறு யாருடையது? சார்த்தர் மறுத்த ஆசிரியரும் இறுதியில் சார்த்தரின் பக்கமே வந்து நிற்கின்றார். வழியில் மாறுபட்ட இருவரும், 'என்னை அறியாமல்' என்னும் சொல்லுக்கு அடைக்கலம் தர மறுப்பதில் ஒன்றுபடுகின்றனர்.