நட்சத்திரம் பார்ப்பதும் ஜாதகம் பார்ப்பதும்

வரன் தேடும் வீட்டில் முதலில் விழும் கேள்வி, "எத்தனை பொருத்தம் இருக்கு?" பத்துக்கு எட்டு என்றால் முகம் மலரும், ஐந்து என்றால் அடுத்த ஜாதகத்தை எடுப்பார்கள். தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்கிற இந்தப் பத்துமே சந்திரன் நின்ற இடத்தை மட்டும் வைத்துச் சொல்பவை. லக்னம் இதில் வராது, ஏழாம் இடம் வராது, களத்திர காரகன் சுக்கிரனும் வராது. பஞ்சாங்க அட்டவணை இரண்டு நட்சத்திரங்களைத்தான் ஒப்பிடுகிறது.

அதற்குக் காரணமும் உண்டு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். லக்னமோ சுமார் இரண்டு மணி நேரத்தில் மாறிவிடும். கடிகாரம் இல்லாத வீட்டில், மாடு கறக்கிற நேரத்தில் பிறந்தது என்று நினைவு வைத்திருந்த காலத்தில், நம்பி எடுக்கக்கூடியது நட்சத்திரம்தான். இன்று ஆஸ்பத்திரியில் நிமிடக் கணக்காக நேரம் குறித்துத் தருகிறார்கள். அப்படியும் பொருத்தம் பார்ப்பது நட்சத்திரத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

பத்தில் ரஜ்ஜுவுக்குத்தான் அதிகாரம், இருவருக்கும் ஒரே ரஜ்ஜு வரக் கூடாது. அஸ்வினி பாதம், பரணி தொடை, கிருத்திகை உதரம், ரோகிணி கண்டம், மிருகசீரிடம் சிரசு என்று ஏறி, திருவாதிரை மறுபடி கண்டம், புனர்பூசம் உதரம், பூசம் தொடை, ஆயில்யம் பாதம் என்று இறங்கும். ஒன்பது நட்சத்திரத்துக்கு ஒரு சுற்று, மூன்று சுற்றில் 27. சிரசுக்கு மட்டும் மூன்று நட்சத்திரம், மற்றவற்றுக்கு ஆறாறு. கணக்குப் போட்டால் 729 சேர்க்கைகளில் 153 ஒரே ரஜ்ஜுவில் விழும். ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ரோகிணிப் பெண்ணுக்குத் திருவோண மாப்பிள்ளை என்றால் மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், கணம், யோனி, ராசி, அதிபதி, வேதை என ஏழு தேறுகிறது. ஆனால் இரண்டும் கண்ட ரஜ்ஜு. ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்றால் சிலர் தள்ளுபடி கொடுப்பார்கள். இங்கே இரண்டும் ஆரோஹணம், அந்த வழியும் அடைபட்டது. ஏழு பொருத்தம் இருந்தும் கட்டத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வடக்கே அஷ்டகூடம். வர்ணத்துக்கு 1, வசியத்துக்கு 2 என்று ஏறி நாடிக்கு 8, மொத்தம் 36 குணம். 18 வந்தால் தேறும். அங்கே பயம் இருவருக்கும் ஒரே நாடி வருவதில். நம் பத்தில் நாடி இல்லை, அவர்கள் எட்டில் ரஜ்ஜு இல்லை. அதே ரோகிணிப் பெண்ணுக்கு ரேவதி மாப்பிள்ளை பார்த்தால் நமக்கு ரஜ்ஜு தட்டாது, தினமும் கணமும் நன்றாகவே வரும். அவர்கள் கணக்கில் இரண்டும் அந்திய நாடி, எட்டும் போயிற்று. ரோகிணிக்கும் ரேவதிக்கும் நாடி தோஷம் இல்லை என்று விலக்குச் சொல்லும் பட்டியலும் அங்கேயே புழங்குகிறது என்பது வேறு கதை.

இந்த விலக்குகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குச் செவ்வாய் தோஷத்தைப் பார்த்தால் போதும். 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் நின்றால் தோஷம். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே பன்னிரண்டில் ஐந்து வீடு. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் ஒன்றிலும் அகப்படாமல் தப்பும் ஜாதகம் தோராயமாகப் பத்துக்கு இரண்டுதான். மேஷம், விருச்சிகத்தில் ஆட்சி, மகரத்தில் உச்சம், கடக, சிம்ம லக்னம் என்று நிவர்த்திகளை அடுக்காவிட்டால் ஊரில் பாதிக் கல்யாணம் நடக்காது.

என் கணிப்பில், முழு ஜாதகத்தோடு முழு ஜாதகத்தை நிறுத்துப் பார்ப்பதில் கேரளத்தார் ஒரு படி மேல். பாப சாம்யம் என்ற முறையில் சூரியன், செவ்வாய், சனி, ராகு, கேது ஆகியவை லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றுக்கும் எங்கே நிற்கின்றன என்று எண்ணி, பெண் ஜாதகத்துப் பாபத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ ஆண் ஜாதகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. தசா சந்தியும் அவர்கள் விடாத ஒன்று. இருவருக்கும் தசை மாற்றம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வரக் கூடாது. ஒரே நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள்.

மேல்நாட்டார் ஒருவர் கிரகத்துக்கும் மற்றவர் கிரகத்துக்கும் இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். உளவியலாளர் யுங் 483 தம்பதிகளின் ஜாதகங்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். முதல் 180 ஜோடிகளில் சூரிய சந்திரச் சேர்க்கை தூக்கலாகத் தெரிந்தது. ஜோடிகளைக் கூட்டக் கூட்ட அது கரைந்துபோனது.

கடைசியாக, முறை எதுவானாலும் முதலில் தீர வேண்டியது பஞ்சாங்கம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திர முடிவில் சில நாழிகை வித்தியாசம் வரும். அந்த இடைவெளியில் பிறந்த பெண் ஒன்றில் கிருத்திகை 4ஆம் பாதம், மற்றதில் ரோகிணி 1ஆம் பாதம். ராசி மாறாது, ஆனால் உதர ரஜ்ஜு கண்ட ரஜ்ஜுவாகிவிடும், ராட்சச கணம் மனுஷ கணமாகிவிடும், தசை இருப்பும் மாறிவிடும். இரண்டு வீட்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் புதிதாகக் கணித்துக்கொண்டு உட்காருகிற ஜோதிடரிடம் தட்சணை கொஞ்சம் கூடத்தான் ஆகும், கொடுக்கலாம்.