திருடுபோன வேனும் மூவாயிரம் ரூபாய் டேக்கும்

வண்டிக்குள் எங்காவது ஒரு டேக்கை ஒளித்து வைத்துவிட்டால் போதும், எவன் ஓட்டிக்கொண்டு போனாலும் போனில் பார்த்துப் பிடித்துவிடலாம் என்றொரு நம்பிக்கை வேன் வைத்திருப்பவர்களிடையே பரவியிருக்கிறது. காரணம் இல்லாமல் பரவவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஏர்டேக்கை வெளியிட்டபோது இந்திய விலை 3,190 ரூபாய். எடை 11 கிராம். சாவிக்கொத்துக்கும் கைப்பைக்கும் என்று வந்த பொருளை உலகமெங்கும் வாகனக்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கார் திருட்டு பெருகிய நியூயார்க்கில் 2023இல் மேயரே 500 ஏர்டேக்குகளை இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தார். அங்கே எடுபட்ட யோசனை நம்முடைய ஜி.எஸ்.டி. சாலையில் எடுபடுமா?

அந்தச் சாலையிலுள்ள மறைமலை நகரில் வைத்து இதைச் சோதிப்பது பொருத்தம். ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் இந்த ஊரின் பிழைப்பு வாகனத்தை ஒட்டியே ஓடுகிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம், அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். வழிநெடுகக் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது முதலில் காட்சிக்கு வந்த வண்டிகளில் ஒன்று பாரத்பென்ஸ் 1017 சேசிஸில் கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் ஆலை இருப்பது ஒரகடத்தில். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த இத்தகைய கேம்பர் வேனை வாங்கி நிறுத்துபவர்கள் இங்கே இன்னும் சிலர்தான். ஆனால் கேரியரில் அரிசி மூட்டையும் அண்டாவும் கட்டி, சமையல்காரரையும் ஏற்றிக்கொண்டு சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற டூரிஸ்ட் வேன் நமக்குப் பழசு. வார நாளில் கம்பெனி ஷிப்டு, விடுமுறையில் கோயில் சவாரி என்று ஓடும் டெம்போ டிராவலர்கள் இரவில் சர்வீஸ் ரோட்டோரத்திலும் காலி மனையிலும் நிற்கின்றன. பாதிக்கு மேல் தவணை முடியாத வண்டிகளாக இருக்கும். கேம்பர் வேனோ டூரிஸ்ட் வேனோ, காணாமல் போனால் தேட வேண்டிய பாடு ஒன்றுதான்.

டேக்கைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம் கார்டும் கிடையாது என்பது. சந்தையில் தொலைந்த குழந்தை தன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே நிற்பதைப் போல, அது புளூடூத்தில் தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை ரகசியக் குறியீட்டில் அனுப்பி வைக்கிறது. உங்கள் திரையில் தெரியும் புள்ளி உண்மையில் அந்த அந்நியர் நின்ற இடம். ஆகவே ஒரு டேக்கின் தரத்தை அதன் அட்டைப்பெட்டியில் தேடக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள் சட்டைப்பையில் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பாதிக்கு மேல் ஐபோன். இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு. இதில் நம் பகுதிக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. மறைமலை நகருக்கு அடுத்த மகிந்திரா சிட்டியில் பெகாட்ரான் 2022இல் தொடங்கிய ஆலையும் ஐபோனுக்குத்தான். சாலையின் இரு முனையிலும் பெட்டி பெட்டியாக ஐபோன் புறப்படுகிறது. அதைப் பூட்டுகிறவர்கள் ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போது கையில் எடுப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. பெட்டிக்குள் அணைந்து கிடக்கும் ஐபோனால் யாருடைய வேனையும் கண்டுபிடிக்க முடியாது. தவிர, ஏர்டேக்கை இயக்க உரிமையாளரிடமே ஐபோனோ ஐபேடோ இருந்தாக வேண்டும். டிரைவர் தொழில் செய்து சொந்த வண்டி வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

சரி, கூகுளின் வலைப்பின்னலில் சேரும் டேக்கை வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு. 2024இல் வந்த அந்த வலைப்பின்னல், அந்தரங்கம் கருதி, ஆட்கள் நெருக்கமாக நடமாடும் இடங்களில் மட்டும் பங்கேற்கும்படி போன்களை அமைத்திருக்கிறது. பல போன்கள் சேர்ந்து கண்டால்தான் இடம் வெளிப்படும். எல்லா இடத்திலும் உதவட்டும் என்று ஒவ்வொருவரும் அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும், யார் போவார்கள்? ஷிப்டு மாறும் வேளையில் ஒரகடம் சந்திப்பில் இந்த டேக் அருமையாக வேலை செய்யும். வேன் திருடுகிறவன் அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வாலாஜாபாத் பக்கம் ஒரு தோப்பு ஓரத்தில் வண்டி நின்றால், விடிந்து ஆள் நடமாட்டம் வரும் வரைக்கும் புள்ளி அசையாது. அந்த நான்கு மணி நேரத்தில் நம்பர் பிளேட்டை மாற்றிவிடலாம்.

இதைவிடப் பெரிய குறை, டேக் திருடனிடமே பேசும் என்பது. பெண்களைப் பின்தொடர இதைப் பயன்படுத்தினார்கள் என்ற புகார்கள் எழுந்ததும், சொந்தக்காரரை விட்டுப் பிரிந்த ஏர்டேக் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஒலி எழுப்பும்படி ஆப்பிள் மாற்றியது. 2024 மே மாதம் முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ‘உங்களோடு ஒரு அறியாத டேக் பயணம் செய்கிறது’ என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது. அந்த மாற்றம் சரிதான். ஒரு பெண்ணின் பாதுகாப்பைவிட என் வேன் பெரிதல்ல. ஆனால் அதன் விலையை வேன்காரர் தெரிந்தே கொடுக்க வேண்டும்: திருடனுக்குச் செய்தி போவதற்குள் கிடைக்கும் சில மணி நேரம்தான் டேக்கின் ஆயுள். ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டு வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. போனில் வரும் எச்சரிக்கையை அது தடுக்காது. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்டேக் 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கும்.

அடுத்தது சிம் உள்ள ஜி.பி.எஸ். கருவி. இது அந்நியர் தயவில் இல்லை. தானே செயற்கைக்கோளைக் கேட்டுத் தானே செய்தி அனுப்புகிறது. மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்த விதியின்படி, 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுச் சேவை வாகனங்களில் ஏ.ஐ.எஸ். 140 தரத்துக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும், ஆட்டோக்களுக்கு விலக்கு. தரம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது: வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் குறைந்தது நான்கு மணி நேரம் ஓடும் உள் பேட்டரி, கழற்றப்பட்டதைச் சொல்லும் எச்சரிக்கை, சிக்னல் இல்லாத இடத்துப் பதிவுகளைச் சேமித்துப் பிறகு அனுப்பும் நினைவகம், நம் நாவிக் செயற்கைக்கோள்களைப் படிக்கும் திறன். சொந்த பேட்டரியைத் தவிர டேக்கிடம் இவற்றில் ஒன்றும் இல்லை.

விதி எழுதப்பட்ட அளவுக்கு அது வண்டிக்குள் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்குவதற்காக மாட்டி, அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்ட கருவி வெறும் பிளாஸ்டிக். கேம்பர் வேனுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. 2004 நவம்பர் அறிவிக்கையில், சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டாயம் அதைத் தொடாது. நெடுந்தூரம் போய், தெரியாத ஊரில், இரவில் வெளியே நிற்பதற்கென்றே செய்த வண்டிக்குச் சட்டத்தின் கண் கிடையாது; உரிமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் கருவிகளில் பல 2ஜி மட்டும் அறிந்தவை. ஜியோவுக்கு 2ஜி இல்லை என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் ரிலேவைச் சேர்த்து மாட்டித் தருவதாக எலக்ட்ரீஷியன்கள் ஆசை காட்டுவார்கள். ஓடுகிற வண்டியில் அதை அழுத்தினால் பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். ஜி.பி.எஸ். அலையை அடைக்கும் ஜாமர்கள் சட்டவிரோதம். திருட்டும் சட்டவிரோதம்தான், திருட வருகிறவன் ஜாமரை மட்டும் சட்டத்துக்குப் பயந்து வீட்டில் வைத்துவிட்டு வருவான் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: முன்கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் அது கட்டாயம். மறைமலை நகரில் எடுத்த வண்டி தெற்கே போனால் முதலில் பரனூர், அடுத்து ஆத்தூர். ஒவ்வொன்றிலும் காசு கழியும்போது உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வரும். எந்தத் திசை, எத்தனை மணி, எந்தச் சாவடி என்பதை அது சொல்லிவிடும்; அந்தச் சாவடியில் கேமராவும் இருக்கும். விவரம் தெரிந்தவன் ஸ்டிக்கரைக் கிழிப்பான், அல்லது சாவடி இல்லாத உள்வழியைப் பிடிப்பான். இருந்தாலும் தனியாகச் செலவில்லாமல் கிடைக்கும் இந்தச் சாட்சியை, எஸ்.எம்.எஸ். போகும் எண் பழைய எண்ணாக இருப்பதால் பலர் இழக்கிறார்கள்.

கருவி எது வரைக்கும் கைகொடுக்கும் என்பதற்கு 2020 அக்டோபர் சம்பவம் நல்ல உரைகல். சென்னைப் பக்கத்திலிருந்து மும்பைக்கு ரெட்மி போன்கள் ஏற்றிச்சென்ற கன்டெய்னர் லாரியைச் சூளகிரி அருகே மறித்து, ஓட்டுநர்களைத் தாக்கிக் கட்டிப்போட்டுவிட்டு, பல கோடி ரூபாய்ச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டது ஒரு கும்பல். லாரியை அநாதையாக விட்டுப் போனார்கள். லாரி சீக்கிரம் கிடைத்தது; சரக்கைத் தேடிக் காவல்துறை மத்தியப் பிரதேசம் வரை போக வேண்டியிருந்தது. கருவி எதில் பொருத்தியிருக்கிறதோ அதை மட்டும் காட்டும். வண்டியையே விரும்பித் திருடுகிறவனுக்கு எதிராக அது பயன். வண்டியிலுள்ள பொருளுக்காக வருகிறவனிடம் தோற்கும். கேம்பர் வேனில் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் தகடு என்று தனியாக விலைபோகும் சாமான்கள் உண்டு. டேக்குக்கு உண்மையான இடம் இங்கேதான்: அவற்றில் விலை உயர்ந்த ஒன்றுக்குள் அதைப் புதைத்து வைக்கலாம்.

புள்ளி தெரிந்துவிட்டது, பிறகு? 2025இல் லண்டனில் ஒரு தம்பதி, ஏர்டேக் காட்டிய தெருவுக்குத் தாங்களே போய்த் திருடுபோன காரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். செய்தி சிரிக்க நன்றாயிருந்தது. போலீஸுக்குப் பதில் அவர்களே போக வேண்டியிருந்தது என்பதே அங்கே எழுந்த விமரிசனம். இங்கே அதைப் பின்பற்ற வேண்டாம். வண்டியை எடுத்தவன் தனி ஆள் அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். 112ஐ அழையுங்கள், நேரலை இணைப்பைக் காவலரிடம் கொடுங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியிலும் தரலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். ‘அது எங்கள் லிமிட் இல்லை’ என்ற பழைய பதிலுக்கு இதைச் சுட்டிக்காட்டுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது. காப்பீட்டுக்காரர்கள் இந்தக் கருவிகளை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பழைய மோட்டார் கட்டணப் பட்டியலைப் புரட்டலாம்: அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய்.

வண்டியைக் கண்காணிப்பது அதை ஓட்டுகிறவரையும் கண்காணிப்பதுதான். ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப்பில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த அந்தரங்கம் உண்டென்றால், சம்பள டிரைவருக்கு இல்லாமல் போகாது. கருவி இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. மறைமலை நகரிலிருந்து வேனை வெளியூருக்கு ஓட்டுகிறவர், அதைக் காக்க டேக் ஒன்றை மட்டும் வாங்கினால் பணம் வீண். 4ஜி சிம்மும் உள் பேட்டரியும் உள்ள கருவியை நம்பிக்கையான எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே அல்லாமல் கை எட்டாத இடத்தில் பொருத்துவது முதல் செலவு. அதைக் கழற்றிய பிறகும் பேசுவதற்காக டேக் இரண்டாவது செலவு. பாஸ்டேக்கின் எண்ணைப் புதுப்பிப்பதற்குச் செலவே இல்லை. ஸ்டீயரிங் பூட்டைவிட இவை எதுவும் முந்தியவையல்ல. பூட்டு திருட்டைத் தாமதிக்கும், இவை திருட்டு நடந்த பிறகே வேலையைத் தொடங்கும். போக்குவரத்துத் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எஃப்.சி. நாளில் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது கடைசியாக எப்போது செய்தி அனுப்பியது என்றும் பாருங்கள். வண்டிக்காரர்களே, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களையும் சேசிஸ் எண்ணையும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருங்கள். அசல்கள் பெரும்பாலும் வண்டியோடு சேர்ந்தே போய்விடுகின்றன.