நிகழ்தகவும் நிவாரணமும்

வருமுன் காத்தல் அறிவுடையோர் கடன் என்பது தொன்றுதொட்டு வரும் கொள்கை. ஆயின், எங்கு வரும், என்று வரும், எத்துணை வலிதாய் வரும் என்பன அறியப்படாத இயற்கை இடருக்கு முன்னேற்பாடு செய்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைதர முயன்ற கணித முறைகளுள் சிறந்தது இருநிலைத் திட்டமிடல். இதன் அடிப்படையை 1955ஆம் ஆண்டில் வகுத்தோருள் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் டான்சிக் ஒருவர்.

இம்முறை முடிபுகளை இரண்டாகப் பகுக்கின்றது. பண்டசாலையை எங்கே அமைப்பது, உணவும் மருந்தும் கூடாரமும் எவ்வளவு சேமிப்பது என்பன இடருக்கு முன்னர்க் கொள்ளும் முடிபுகள். எவ்வழியால் யாருக்கு எவ்வளவு அனுப்புவது என்பது இடர் நேர்ந்தபின் கொள்ளும் முடிபு. நேரக்கூடிய நிலைமைகள் பலவற்றை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு அளித்து, சராசரியிற் குறைந்த செலவுடைய ஏற்பாட்டைத் தெரிந்தெடுப்பதே இதன் நெறி. எதிர்காலத்தை அறிந்ததாகப் பாவனை செய்யாது, அறியாமையையே கணக்கிற் சேர்த்துக்கொள்வது இதன் பெருஞ்சிறப்பு.

இம்முறையைக் கொண்டு நோக்குவோர்க்கு நேபாளத்தின் வரலாறு பல உண்மைகளை உணர்த்தும். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காத்மண்டு விமான நிலையத்தில் நிவாரணப் பொருள்களை இறக்கிச் சேமிக்கும் நிலையமொன்றை உலக உணவுத் திட்டம் திறந்தது. ஏப்ரல் 25ஆம் நாள் 7.8 அளவுடைய பூமியதிர்ச்சி நேர்ந்தது. ஏறத்தாழ 9,000 மக்கள் மாண்டனர். அந்நாளை எவரும் முன்னறிந்திலர். அத்தகைய நாள் ஒன்று வரும் என்பதை மட்டுமே அறிந்திருந்தனர். அச்சிற்றறிவே அந்நிலையத்தை உரிய காலத்தில் உதவச் செய்தது.

எனினும், கணக்கு முடிந்த இடத்தில் இடர்ப்பாடு முடியவில்லை. அதிர்ச்சியின் மையம் தலைநகருக்கு மேற்கே கோர்க்கா மாவட்டத்தில் இருந்தது. மிகுதியான உயிர்ச்சேதமோ வடகிழக்கே சிந்துபால்சோக்கில் நேர்ந்தது. விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதை பழுதுற்றமையால் மே மாதத்திற் பெரிய விமானங்கள் இறங்குவது தடுக்கப்பட்டது. மண்சரிவாற் பாதைகள் அடைபட்ட மலையூர்களுக்குச் சுமைகூலிகளும் கோவேறு கழுதைகளுமே பொருள்களைக் கொண்டு சென்றனர்.

இங்கேதான் இம்முறையின் இரு குறைகள் புலனாகின்றன. முதலாவது, வகுக்கப்படாத நிலைமைக்கு நிகழ்தகவு இல்லை; பாதை முறியும் எனக் கருதாதவனின் கணக்கிற் சுமைகூலிக்கு இடமில்லை. இரண்டாவது குறை இதனினும் பெரிது. சராசரிச் செலவே குறிக்கோளாயின், இரண்டு நாள் நடந்து சேரவேண்டிய சிற்றூர் எப்பொழுதும் வரிசையின் இறுதியிலேயே நிற்கும். லொறியின் வாடகை ஏட்டில் ஏறுகின்றது; காத்திருப்போரின் பசி ஏறுவதில்லை. இக்குறையை உணர்ந்தே ஹோல்கின்-வேராஸ் முதலியோர் 2013ஆம் ஆண்டில், இல்லாமையால் மக்கள் படும் துன்பத்தையும் செலவாகக் கணக்கிடல் வேண்டும் என வாதித்தனர். அது தக்க திருத்தமே. ஆயினும், துன்பத்துக்கு விலை குறிப்பவர் துன்புறுவோர் அல்லர் என்பது மறக்கற்பாலதன்று.

ஆதலின், கணிதத்தைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. எதைக் குறைப்பது, எவரை முதலில் அடைவது என்னும் வினாக்கள் அறத்துக்கு உரியன. அவற்றைத் துணிந்த பின்னரே கணிதத்துக்கு வேலை உண்டு. நிவாரணத் திட்டமொன்றின் தகுதியைச் சராசரியால் அளத்தல் போதாது; கடைசி ஊருக்கு முதல் மூடை எந்நாளிற் சென்றது என்பதாலும் அளத்தல் வேண்டும்.